காற்று கெடும்போது மனசு ஏன் கனக்கிறது?

தீபாவளி முடிந்த கையோடு டெல்லியின் காற்றைப் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்துவிடும். 2024 நவம்பர் 18 அன்று அங்கே காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. அந்த அளவுகோலின் உச்சமே 500தான். பள்ளிகள் இணையவழிக்கு மாறின, கட்டுமான வேலைகள் நிறுத்தப்பட்டன. இருமல், கண் எரிச்சல், ஆஸ்துமா பற்றி மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அந்த ஊரில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் இன்னொன்றையும் சொல்வதுண்டு: காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறது, தலை பாரமாக இருக்கிறது, எதிலும் மனசு ஒட்டுவதில்லை.

இது புகைமூட்டத்தைப் பார்த்துப் பார்த்து வரும் அலுப்பா? இல்லை, காற்றில் கலந்திருக்கும் பொருள் உடம்புக்குள் போய் ஏதாவது செய்கிறதா? ஆய்வுகளைப் பார்த்தால் இரண்டும் உண்டு என்றுதான் தெரிகிறது. எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## காற்றில் என்ன இருக்கிறது

செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் பி.எம். 2.5. குறுக்களவு 2.5 மைக்ரானோ அதற்குக் குறைவாகவோ உள்ள நுண்துகள்களுக்கு அந்தப் பெயர். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. டீசல் புகை, நிலக்கரி, குப்பை எரிப்பு, வயல்களில் வைக்கோல் தாளைக் கொளுத்துவது எல்லாமே இதற்கு மூலம். பி.எம். 10 என்பது இதைவிடப் பெரிய தூசியையும் சேர்த்து அளப்பது. பெரிய தூசியில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். பி.எம். 2.5 அப்படி நிற்காது, நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போகும். அதிலும் மிக நுண்ணியவை இரத்தத்துக்குள்ளேயே கடந்துவிடலாம்.

இதோடு வாகனப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு, வெயிலில் உருவாகும் தரைமட்ட ஓசோன் போன்ற வாயுக்களும் உண்டு. மனநிலை சார்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் பி.எம். 2.5-ஐயும் நைட்ரஜன் டை ஆக்சைடையும்தான் பார்க்கின்றன.

எவ்வளவு இருக்கலாம்? ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5-இன் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ஒரு நாள் சராசரிக்கு 15. இந்தியாவின் வரம்பு ஆண்டுக்கு 40, ஒரு நாளுக்கு 60.

காற்றுத் தரக் குறியீடு என்பது 8 மாசுப்பொருட்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அவற்றில் எது மிக மோசமோ அதையே அன்றைய எண்ணாக அறிவிக்கும் முறை. 0 முதல் 50 வரை ‘நன்று’, 51 முதல் 100 வரை ‘திருப்திகரம்’, அப்புறம் மிதம், மோசம், மிக மோசம், கடைசியில் 400-க்கு மேல் ‘கடுமை’. பி.எம். 2.5 ஒரு நாளைக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் குறியீடு 100. அதாவது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப்போல நான்கு மடங்கு இருந்தாலும் அன்றைய காற்று திருப்திகரம் என்றே அறிவிக்கப்படும்.

அந்த அட்டவணையில் ஒவ்வொரு நிலைக்கும் எதிரே ஓர் உடல்நலக் குறிப்பு இருக்கும். ‘உணர்திறன் உள்ளவர்களுக்கு லேசான மூச்சுத் தொந்தரவு’ என்று தொடங்கி, நுரையீரல் நோயாளிகள், ஆஸ்துமாக்காரர்கள், இதய நோயாளிகள் என்று போகும். மேலிருந்து கீழ்வரை படித்துப் பாருங்கள். மூளை, மனம், தூக்கம் என்ற சொற்கள் எங்கேயும் இல்லை. கெட்ட காற்று நெஞ்சோடு நின்றுவிடும் என்ற நினைப்பு நமக்குள் ஊறியதில் இந்த அட்டவணைக்கும் பங்குண்டு.

## மனநிலை வேறு, மனநோய் வேறு

இந்த இரண்டையும் செய்திகள் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

மனநிலை என்பது சில மணி நேரமோ சில நாளோ இருப்பது. எரிச்சல், சலிப்பு, பதற்றம், உற்சாகக் குறைவு எல்லாம் இதில் அடங்கும். காற்று சரியானால் இதுவும் சரியாகலாம்.

மனச்சோர்வு நோய் அப்படியல்ல. இரண்டு வாரமோ அதற்கு மேலோ தொடர்ந்து நீடித்து, தூக்கத்தையும் பசியையும் வேலையையும் குலைத்து, மருத்துவர் பார்த்து உறுதிசெய்வது.

ஆய்வுகளும் இப்படித்தான் பிரிகின்றன. இன்றைய காற்று இன்றைய மனநிலையை என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. பத்து ஆண்டுகள் அந்தக் காற்றைச் சுவாசித்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறதா என்பது இன்னொன்று. ஒன்றுக்கான விடையை மற்றதற்குப் பொருத்தக்கூடாது.

## மூக்கிலிருந்து மூளைக்கு நான்கு வழிகள்

1. அழற்சி வழி. நுண்துகள் நுரையீரலில் படிந்ததும் நோய் எதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்கிறது. சைட்டோகைன் எனப்படும் வேதித் தூதர்கள் இரத்தத்தில் பரவி மூளைக்கும் செய்தி கொண்டுபோகின்றன. இந்தச் செய்தி வந்தால் மூளை என்ன செய்யும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். காய்ச்சல் கண்டவரைப் பாருங்கள். யாரோடும் பேசப் பிடிக்காது, சாப்பாடு இறங்காது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுருண்டு படுப்பார். உடம்பு தன் சக்தியை மிச்சம் பிடிக்க மூளை போடும் உத்தரவு அது. மாசுள்ள காற்று, காய்ச்சல் இல்லாமலேயே அந்த உத்தரவின் மெல்லிய வடிவத்தை உடம்புக்குள் ஓடவிடுகிறது. நாள்கணக்கில் நீடித்தால் அது சோர்வாகவும் விலகலாகவும் வெளியே தெரியும். நான்கு வழிகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டது இதுதான்.

2. மோப்ப நரம்பு வழி. மூக்கின் மேற்கூரையில் உள்ள மோப்ப நரம்பு நுனிகள் வெளிக்காற்றை நேரடியாகத் தொடுகின்றன, அங்கிருந்து மூளைக்குத் தூரம் மிகக் குறைவு. 2016-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பார்பரா மாஹர் குழு, மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது நுண்துகள்களைக் கண்டது. உடம்பே உருவாக்கும் மேக்னடைட் கோணம் கோணமாக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை உருண்டையாக இருந்தன, அதிக வெப்பத்தில் எரிந்து குளிர்ந்தவை போல. வாகனப் புகையில் காணும் துகள்களின் வடிவமும் அதுதான். இந்த ஆய்வு மனநிலையைப் பற்றியது அல்ல. ஆனால் வெளியே எரிந்த பொருள் மூளைக்குள் போய்ச் சேர்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

3. மன அழுத்த ஹார்மோன் வழி. ஷாங்காயில் 55 கல்லூரி மாணவர்களின் விடுதி அறைகளில் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தார்கள். ஒரே சமயத்தில் ஒரு சாராருக்கு உண்மையான வடிகட்டி, மற்றவர்களுக்கு வடிகட்டி இல்லாத வெறும் பெட்டி. அடுத்த சுற்றில் இடம் மாற்றினார்கள். ஒவ்வொன்றும் 9 நாள். எது எப்போது என்று மாணவர்களுக்குத் தெரியாது. பி.எம். 2.5 அதிகமாக இருந்தபோது அவர்களின் இரத்தத்தில் கார்டிசால், அட்ரினலின் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் கூடியிருந்தன. 2017-இல் வெளியான இந்தச் சோதனை முக்கியமானது, ஏனென்றால் ‘மூட்டத்தைப் பார்த்துக் கவலைப்பட்டிருப்பார்கள்’ என்று இங்கே சொல்ல முடியாது. வெளியே தெரிந்த வானம் இரு சாராருக்கும் ஒன்றுதான்.

4. வாழ்க்கை முறை வழி. ஜன்னலைச் சாத்திவைக்கிறோம், காலை நடையை விட்டுவிடுகிறோம், பிள்ளைகள் விளையாடப் போவதில்லை. வெயில் மங்கிக் கிடக்கிறது, இருமல் தூக்கத்தைக் கெடுக்கிறது. மனசை லேசாக்கும் நான்கைந்து விஷயங்கள் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போகின்றன.

## காற்றுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

நெரிசலான சாலையோரம் வசிப்பவர்களுக்குப் புகை மட்டுமா பிரச்சினை? சத்தம், வறுமை, கடன், இட நெருக்கடி எல்லாம் இருக்கும். அவர்கள் மனம் வாடியிருந்தால் பழியைக் காற்றின் மேல் மட்டும் போட முடியுமா? நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். சில வழிகளையும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒரு வழி, ஊரை ஊரோடு ஒப்பிடாமல் ஒரே ஊரை நாளுக்கு நாள் ஒப்பிடுவது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, சீனாவின் 144 நகரங்களில் வெய்போ சமூக வலைதளத்தில் 2014-இல் எழுதப்பட்ட 21 கோடிப் பதிவுகளின் உணர்வுத் தொனியைக் கணினி மூலம் மதிப்பிட்டு, அந்தந்த நாளின் பி.எம். 2.5 அளவோடு பொருத்திப் பார்த்தது. மாசு கூடிய நாட்களில் பதிவுகளில் தெரிந்த மகிழ்ச்சி குறைந்தது. வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் இந்தச் சரிவு கூடுதல், பெண்களிடம் கூடுதல். மிக மாசான நகரங்களில் இருப்பவர்களிடம் கூடுதல் என்பதும் எதிர்பார்த்ததே. மிகச் சுத்தமான நகரங்களில் இருப்பவர்களும் அதே அளவு கூர்மையாக உணர்கிறார்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

இன்னொரு வழி காற்று வீசும் திசை. சிகாகோவில் பெரிய நெடுஞ்சாலைகளின் இரு பக்கமும் ஒப்பிடப்பட்டன. ஒரே நாள், ஒரே வானிலை, ஒரே வகை மக்கள். காற்று எந்தப் பக்கம் புகையைத் தள்ளியதோ அந்தப் பக்கத்தில் அன்று வன்முறைக் குற்றங்கள் சுமார் 2 சதவீதம் அதிகம். திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களில் அப்படி மாற்றம் இல்லை. திட்டம் போட்டுச் செய்யும் குற்றம் அப்படியே இருக்க, கோபத்தில் கையோங்கும் குற்றம் மட்டும் கூடுகிறது. எரிச்சல் என்று நாம் சொல்வதற்கும் இந்த முடிவுக்கும் உள்ள பொருத்தத்தைக் கவனியுங்கள்.

மூன்றாவது, நேரடிச் சோதனை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 25 பேரை ஆய்வகத்தில் 2 மணி நேரம் நீர்த்த டீசல் புகையையும், வேறொரு முறை வடிகட்டிய காற்றையும் சுவாசிக்கச் செய்து மூளையைப் படமெடுத்தார்கள். டீசல் புகைக்குப் பிறகு, நாம் நமக்குள் யோசிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு குறைந்திருந்தது. பாதிப்பு தற்காலிகமானது. ஆனால் சந்தையைச் சுற்றி ஒரு நாள் ஆட்டோ ஓட்டுகிறவர் சுவாசிக்கும் நேரம் 2 மணி நேரத்தோடு முடிவதில்லை.

எல்லா ஆய்வுகளும் இதே அளவு உறுதியானவை அல்ல. அமெரிக்க, டென்மார்க் தரவுகளை வைத்து 2019-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மாசுக்கும் இருமுனைக் கோளாறு (அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) போன்ற நோய்களுக்கும் வலுவான தொடர்பு உண்டு என்றது. அதை வெளியிட்ட இதழே, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் எழுதிய கடுமையான விமர்சனத்தையும் கூடவே வெளியிட்டது. தரவில் பிழைக்கு இடமிருக்கிறது, காரண-காரியம் என்று முடிவுகட்டக்கூடாது என்பது அவர் வாதம். தினசரி மனநிலை பற்றிய சான்று வலுவாகவும், மனச்சோர்வு பற்றிய சான்று ஓரளவு வலுவாகவும், மற்ற மனநோய்கள் பற்றியது இன்னும் தொடக்கத்திலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி.

## பாதிப்பு எவ்வளவு பெரியது?

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் செய்யப்பட்ட ஓர் அலசலின்படி, நீண்ட காலம் சுவாசிக்கும் காற்றில் பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும் என்பதல்ல பொருள். ஆயிரம் பேரில் 50 பேருக்கு வந்திருக்கும் இடத்தில் ஏறத்தாழ 55 பேருக்கு வரும் என்பது போல. தனி ஒருவருக்கு இது சின்ன எண். வேலையிழப்பு, துக்கம், குடும்ப வன்முறை எல்லாம் இதைவிடப் பல மடங்கு பெரிய காரணங்கள். ஆனால் காற்றை எல்லோரும் சுவாசிக்கிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் வாழும் இடத்தில் அந்தச் சின்ன எண் ஒரு பெரும் கூட்டமாகிவிடுகிறது.

அப்படியானால் டெல்லியில் பத்து மடங்கா? அப்படிப் பெருக்கக்கூடாது. பிரிட்டனில் சுமார் 3.9 லட்சம் பேரை ஏறக்குறைய 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான ஆய்வில், மாசு குறைவாக உள்ள மட்டத்திலேயே மனச்சோர்வு, பதற்றக் கோளாறு இரண்டின் வாய்ப்பும் வேகமாக ஏறி, மேலே போகப்போகச் சாய்வு மட்டுப்படுவது தெரிந்தது. அங்கே காற்றிலிருந்த அளவு இந்தியாவின் ஆண்டு வரம்பான 40-க்கு வெகு கீழே. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ‘நம்ம ஊர் டெல்லி மாதிரி இல்லையே’ என்பது இந்த விஷயத்தில் ஆறுதல் ஆகாது.

## பழகிப்போனவருக்குத் தெரியாது

2017 டிசம்பர் 3. டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இந்தியா–இலங்கை டெஸ்ட் போட்டியின் இரண்டாம் நாள். மதிய இடைவேளைக்குப் பிறகு இலங்கை வீரர்கள் முகக்கவசம் அணிந்து களமிறங்கினார்கள். ஆட்டம் நின்று நின்று நடந்தது. வேகப்பந்து வீச்சாளர்கள் லஹிரு கமகேயும் சுரங்க லக்மாலும் வெளியேறினார்கள். கடைசியில் கோலி இன்னிங்ஸை டிக்ளேர் செய்ய வேண்டிவந்தது. அரங்கில் இத்தனை ஆயிரம் பேருக்கு இல்லாத தொந்தரவு இவர்களுக்கு மட்டும் ஏன் என்று அப்போது கேலி பேசினார்கள்.

அந்தக் கேலியில்தான் விஷயம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவருக்கு உடனே தெரிவது, உள்ளேயே இருப்பவருக்குப் பழகிவிடும். மூச்சு விஷயத்திலேயே இப்படி என்றால் மனநிலையில் இன்னும் மோசம். இருமினால் புகை என்று சொல்லத் தெரியும். பிள்ளையிடம் எரிந்துவிழுந்தால் அதைத் தன் சுபாவம் என்றோ, வீட்டுக்காரரின் குணம் என்றோதான் எடுத்துக்கொள்வோம். காற்றுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நாள் முழுக்கச் சாலையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், நடைபாதை வியாபாரி, செங்கல் சூளைத் தொழிலாளி, விறகடுப்பில் சமைக்கும் பெண்கள் ஆகியோர் சுவாசிப்பது நகரத்தின் சராசரியைவிட மிக அதிகம். ஓய்வோ மருத்துவமோ அவர்களுக்கு எளிதில் கிடைப்பதுமில்லை.

## சென்னைக்கும் இதற்கும் என்ன?

கடற்காற்று சென்னையைக் காப்பாற்றுகிறது என்பது பாதி உண்மை. கடற்காற்று வருவது பகலில். மார்கழி, தை விடியற்காலையில் காற்று அசையாது. தரையோடு ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும், புகை மேலே ஏற முடியாது. போகிப் புகை எழுவது சரியாக அந்த நேரத்தில்தான். 2018 ஜனவரி 13 போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. மணலி, எண்ணூர் பகுதி மக்களுக்கோ அனல்மின் நிலையமும் ஆலைகளும் ஆண்டு முழுவதும் பக்கத்திலேயே இருக்கின்றன. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்ததும் சுற்றுவட்டாரக் குடும்பங்கள்தான்.

## என்ன செய்யலாம்?

1. குளிர்காலத்தில் விடியற்காலை நடை நல்லதல்ல. இரவெல்லாம் தேங்கிய புகை அப்போதுதான் தரையோடு கிடக்கும். வெயில் ஏறிய பிறகு நடக்கலாம்.

2. கைக்குட்டையும் துணி முகக்கவசமும் நுண்துகளைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் மூக்கின் மேலுள்ள கம்பியை அழுத்தி, ஓரங்களில் காற்று ஒழுகாமல் பொருத்தினால்தான்.

3. வீட்டுக்குள் பாருங்கள். ஒரு கொசுவத்திச் சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்த அளவு பி.எம். 2.5 வெளிவரலாம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மூடிய படுக்கையறையில் இரவு முழுக்க அதை ஏற்றுவதைவிடக் கொசுவலை எவ்வளவோ மேல்.

4. மனசு சரியில்லாத நாட்களைக் காலண்டரில் குறித்து, பக்கத்திலேயே அன்றைய காற்றுத் தர எண்ணையும் எழுதிவாருங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு போக்கு தெரியலாம், தெரியாமலும் போகலாம். சோர்வு இரண்டு வாரம் தாண்டி நீடித்தால் காற்றைக் காரணம் காட்டிக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

தனிமனிதர் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி அரசின் கையில். சீனா 2013-இல் தொடங்கிய காற்றுத் தூய்மைத் திட்டத்தால் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் சுமார் 46,000 தற்கொலை மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று 2024-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்தத் திட்டம் மனநலத்துக்காகப் போட்டதே அல்ல. ஆலைகளையும் நிலக்கரியையும் கட்டுப்படுத்தப் போட்டது. இந்தியாவில் 2019-இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. அதில் நகரங்களின் முன்னேற்றம் பெரும்பாலும் பி.எம். 10-ஐ வைத்தே அளக்கப்படுகிறது. சாலையைக் கழுவினால், தூசியைக் கூட்டினால் அந்த எண் இறங்கும். நுரையீரலைத் தாண்டிப் போகும் பி.எம். 2.5 பெரும்பாலும் புகையிலிருந்து வருவது, அதைத் தண்ணீர் தெளித்து இறக்க முடியாது.